ஆசைப்பட்ட கல்லூரியை மேலே எழுதுங்கள்

நான் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு டீச்சர். காரைக்குடிப் பக்கம். மே மாதம் ரிசல்ட் வந்ததிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டே இருப்பார்கள். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு எப்படிப் பதிவது, ஆர்ட்ஸ் காலேஜ் அப்ளிகேஷன் எப்போது, இந்த மார்க்குக்கு என்ன கிடைக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கேள்வி. பல வருஷமாக இது நடக்கிறது. நல்ல மார்க் எடுத்த பிள்ளை சுமாரான இடத்தில் போய்ச் சேர்வதையும் பார்த்திருக்கிறேன்; நடுத்தரமான மார்க் எடுத்த பிள்ளை நல்ல கல்லூரியில் உட்காருவதையும் பார்த்திருக்கிறேன். கல்லூரிப் பட்டியலை யார் எழுதினார்கள், எதை மனதில் வைத்து எழுதினார்கள் என்பதில்தான் பெரும்பாலும் அந்த வித்தியாசம் வருகிறது.

ஒரு மாணவியின் பட்டியலைச் சொல்கிறேன். அப்பா கொத்தனார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் விருப்பக் கல்லூரிகளை ஆன்லைனில் வரிசையாகப் பதிகிற சாய்ஸ் பில்லிங் தொடங்கிய அன்று கோடு போட்ட நோட்டில் அழகாக எழுதிக்கொண்டு வந்தாள். முதல் வரியில் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு சுயநிதிக் கல்லூரி, இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ் பிரிவு). இரண்டாவது அதே கல்லூரி, இ.இ.இ. (எலெக்ட்ரிக்கல் பிரிவு). அப்புறம் அதே மாதிரி இன்னும் மூன்று. காரைக்குடி அழகப்பச் செட்டியார் அரசு பொறியியல் கல்லூரி ஆறாவது வரியில் இருந்தது. கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி (ஜி.சி.டி.) பட்டியலிலேயே இல்லை.

"உனக்கு எங்க படிக்கணும்னு ஆசை?"

"நம்ம கவர்மெண்ட் காலேஜ்தான் டீச்சர். இல்லேன்னா ஜி.சி.டி."

"அப்புறம் ஏம்மா அதை ஆறாவதா போட்டிருக்க?"

"அது கிடைக்காது டீச்சர். கிடைக்காததை முதல்ல போட்டா சாய்ஸ் வீணாப் போயிரும்ல. இந்தக் காலேஜ் கண்டிப்பா கிடைக்கும்னு சொன்னாங்க."

இந்த வீணாகிப்போகும் என்ற பயம் ஊர் முழுக்க இருக்கிறது. அண்ணன்கள் சொல்கிறார்கள், மாமா சொல்கிறார், பிரௌசிங் சென்டர்காரர் சொல்கிறார். படித்தவர்களும் சொல்கிறார்கள். ஆனால் தமிழ்நாடு பொறியியல் சேர்க்கையில் எந்தச் சாய்ஸும் அப்படி வீணாவதில்லை.

இடம் ஒதுக்குகிற முறையைத் தெரிந்துகொண்டால் இந்தப் பயம் போய்விடும். ரேஷன் கடை வரிசை மாதிரி எல்லோரும் ரேங்க்படி நிற்கிறார்கள். உங்களுக்கு முன்னால் ரேங்க் உள்ள அத்தனை பேருக்கும் கொடுத்த பிறகுதான் கம்ப்யூட்டர் உங்களிடம் வரும். வந்ததும் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிக்கும். முதல் வரியில் இருக்கும் கல்லூரியில், அந்தப் பாடப்பிரிவில், பொதுப் பிரிவிலோ உங்கள் சமூகப் பிரிவிலோ இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் அதைக் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி, அப்புறம் மூன்றாவது. முதல் வரியில் இடம் இல்லாமல் போனதால் இரண்டாவது வரிக்கு உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. அந்த நேரத்தில் உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ள ஒருவரும் உங்களை முந்திப் போக முடியாது.

ஆக, எட்டாது என்று நினைக்கிற கல்லூரியை மேலே எழுதினால் நஷ்டம் கிடையாது. நிச்சயம் கிடைக்கும் என்று சுமாரானதை மேலே எழுதினால்தான் நஷ்டம். கம்ப்யூட்டர் அங்கேயே நின்றுவிடும். கீழே நீங்கள் ஆசையாக எழுதி வைத்த கல்லூரியில் இடம் காலியாக இருந்தாலும் அதைப் பார்க்கவே பார்க்காது.

அந்தப் பெண் நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்து எல்லாவற்றையும் திருப்பி எழுதினாள். கோவை, காரைக்குடி, மதுரை தியாகராசர், திருநெல்வேலி, சேலம், பர்கூர் என்று போய், பழைய முதல் வரி எங்கோ நாற்பதுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கோவை கிடைக்கவில்லை. காரைக்குடியில் இ.இ.இ. கிடைத்தது. பழைய பட்டியலோடு போயிருந்தால், வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடக்கூடிய அரசுக் கல்லூரியில் இடம் இருந்தும் அதை விட்டுவிட்டு சுயநிதிக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பாள்.

பெரியவர்கள் சொல்வது ஏன் பொருந்துவதில்லை என்பதற்கும் காரணம் உண்டு. 2018-க்கு முன்பு கவுன்சிலிங் நேரில் நடந்தது. குடும்பத்தோடு ராத்திரி பஸ் பிடித்து சென்னை கிண்டியில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டும். அங்கே திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் காலி என்று ஓடிக்கொண்டிருக்கும். நம் முறை வரும்போது இருப்பதைப் பார்த்து ஒன்றை எடுப்போம். காலி இடம் கண்ணுக்குத் தெரிந்ததால் பட்டியல், வரிசை என்ற பேச்சே இல்லை. 2018-இல் எல்லாம் ஆன்லைனுக்கு வந்தது. மறு வருஷம் பொறுப்பு தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு மாறியது. இப்போது நம் முறை வரும்போது எது காலி என்று நமக்குத் தெரியாது, அதனால்தான் முன்கூட்டியே பட்டியல் கேட்கிறார்கள். அன்றைக்கு நேரில் போய் வந்த மாமா நல்லது நினைத்துத்தான் சொல்கிறார். அவர் பார்த்த முறை வேறு, அவ்வளவுதான்.

தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு வருகிற கேள்வியும் இதோடு சேர்ந்ததுதான். கிடைத்ததை ஏற்றுக்கொண்டு சேர்ந்துவிடலாம். ஏற்றுக்கொண்டு, மேலே ஏதாவது காலியானால் கொடுங்கள் என்று காத்திருக்கலாம். 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி மேலே மட்டும் கேட்கலாம், அடுத்த ரவுண்டுக்குப் போகலாம், மொத்தமாக விலகலாம். இதில் அப்வர்ட் என்பது உங்கள் பட்டியலில் கிடைத்த வரிக்கு மேலே இருக்கும் வரிகளுக்கு மட்டும்தான். கீழே எழுதியதற்கு ஏற முடியாது. ஆசைப்பட்டதைக் கீழே எழுதியவருக்கு இந்த வசதியால் ஒரு பயனும் இல்லை. இதைச் சொன்னதும்தான் பல பெற்றோருக்கு விஷயம் சட்டென்று பிடிபடுகிறது.

அப்வர்ட் கேட்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மேலே உள்ள ஒவ்வொரு வரியும், கிடைத்ததை விட்டுவிட்டுப் போகத் தகுந்ததா? மேலே ஒன்று கிடைத்துவிட்டால் கையில் இருந்தது போய்விடும். சும்மா எழுதி வைத்த ஒரு வரி மேலே இருந்தால் அதுவே வந்து மாட்டிக்கொள்ளும். அதனால் பட்டியல் எழுதும்போது ஒவ்வொரு அடுத்தடுத்த ஜோடிக்கும், இரண்டும் ஒரே நேரத்தில் கிடைத்தால் எதை எடுப்பேன் என்று வாய்விட்டுக் கேட்டுப் பாருங்கள். நான் பிள்ளைகளிடம் அப்படித்தான் கேட்பேன். வீட்டில் அம்மா பதில் சொன்னால், "அவளைச் சொல்ல விடுங்கம்மா" என்பேன்.

எத்தனை வரி எழுதலாம் என்றால், வரம்பே இல்லை. பத்துப் பதினைந்தோடு நிறுத்துகிறவர்கள்தான் ஒதுக்கீடே இல்லாமல் அடுத்த ரவுண்டுக்குப் போகிறார்கள். சேரலாம் என்று மனசுக்குப் படுகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். சேரவே மாட்டேன் என்கிற கல்லூரியை எண்ணிக்கைக்காகக்கூட எழுதாதீர்கள். சாய்ஸ் பில்லிங்குக்கு மூன்று நாள்தான் தருவார்கள். அந்த மூன்று நாளில் யோசிக்க முடியாது. ரேங்க் லிஸ்ட் வருவதற்கு முன்பே நோட்டில் பட்டியல் தயாராக இருக்கட்டும். கல்லூரிப் பெயரோடு அதன் கவுன்சிலிங் எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே மாதிரிப் பெயரில் பல கல்லூரிகள் இருக்கின்றன. பெயரில் ஒரு சொல் முன்பின் மாறியதைக் கவனிக்காமல் வேறு மாவட்டத்தில் இடம் வாங்கியவர்களை எனக்குத் தெரியும்.

இனி மார்க். கட் ஆஃப் 200-க்கு. கணிதம் அப்படியே 100, இயற்பியல் பாதியாகி 50, வேதியியல் பாதியாகி 50. கணிதத்தில் 92, இயற்பியலில் 86, வேதியியலில் 90 என்றால் 92, 43, 45 சேர்ந்து 180. தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் உயிரியலும் இந்தக் கூட்டலில் வராது. கணிதத்தில் ஒரு மார்க் போனால் ஒரு முழு கட் ஆஃப் போகிறது, மற்ற இரண்டில் அரைதான் போகிறது. ஒரு மார்க்கில் பெரிய கூட்டமே முன்னால் போய்விடும். அதனால் கணிதத்தில் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் கேளுங்கள். நகலை உங்கள் பாட ஆசிரியரிடம் காட்டிவிட்டு, நியாயம் இருந்தால் மட்டும் மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போடுங்கள். ரிசல்ட் வந்ததும் இதற்குத் தருகிற நாள்கள் மிகக் குறைவு. பிள்ளைகள் சோகமாக வீட்டில் படுத்திருக்கும்போதே தேதி முடிந்துவிடும்.

போன வருஷ கட் ஆஃப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு இது கிடைக்கும், இது கிடைக்காது என்று அடித்துச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கேள்வித்தாள் சுலபமான வருஷத்தில் சென்டம் நிறைய விழும், எல்லா கட் ஆஃபும் ஏறும். கடினமான வருஷத்தில் இறங்கும். மார்க்கைவிட ரேங்க் ஓரளவு நிலையாக இருக்கும். அதிலும் பொது ரேங்க்கை மட்டும் பார்த்து மனம் உடையக்கூடாது. நம் மாநிலத்தில் 69 சதவீத இடஒதுக்கீடு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மீதி 31 எல்லோருக்கும் பொது. ரேங்க் லிஸ்ட்டில் உங்கள் சமூக ரேங்க் தனியாக இருக்கும். கல்லூரிவாரியான பழைய கட் ஆஃப் பட்டியலிலும் உங்கள் சமூகத்துக்கான கட்டத்தைப் பாருங்கள், ஒரு வருஷம் போதாது, இரண்டு மூன்று வருஷம் பாருங்கள். அதைக்கூட நம்பிக்கை வருவதற்காகப் பாருங்கள். ஆசைப்பட்டதை வெட்டுவதற்கு அது காரணம் ஆகக்கூடாது.

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்தில் 2020-இல் வந்தது, பொறியியல் போன்ற மற்ற தொழிற்படிப்புகளுக்கு 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தனியார் பள்ளியில் கல்வி உரிமைச் சட்ட ஒதுக்கீட்டில் எட்டாவது வரை படித்துவிட்டு, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் இது உண்டு. இது பலருக்குத் தெரியவில்லை. அரசு உதவி பெறும் பள்ளிக்கு இது கிடையாது. அதுவும் தெரியாமல் கடைசி நேரத்தில் வருத்தப்படுகிறார்கள். ஒதுக்கீட்டு ஆணை வந்ததும் இடம் எந்தப் பிரிவில் வந்திருக்கிறது என்று முதலில் பாருங்கள். சலுகை எல்லாம் அதை வைத்துத்தான்.

சான்றிதழ் விஷயத்தில் என் பிடிவாதம் என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும். பொங்கல் லீவிலேயே எடுக்கச் சொல்லிவிடுவேன். ரிசல்ட் வந்த வாரத்தில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம், சர்வர் ஓடாது. மனு வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று மூன்றையும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். எடுத்த பிறகு ஒரு சாயங்காலம் எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு பெயரையும் இனிஷியலையும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். பாண்டியன் பெயரில் ஒரு சான்றில் இங்கிலீஷ் எச் கூடியிருக்கும், ஆதாரில் அப்பா பெயர் சேர்ந்து வந்திருக்கும், பிறந்த தேதி ஒன்றில் மாறியிருக்கும். இதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆகும். பிப்ரவரியில் ஆனால் கவலை இல்லை. ஜூனில் ஆனால் அழுகை.

முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை 2010-இலிருந்து இருக்கிறது. குடும்பத்தில் இதுவரை யாரும் பட்டம் வாங்கியிருக்கக்கூடாது, தாத்தா பாட்டி வரை கேட்பார்கள். கவுன்சிலிங் மூலம் சேர்ந்தால் மட்டும்தான் உண்டு, மேனேஜ்மெண்ட் கோட்டாவுக்குக் கிடையாது. வீட்டில் ஒருவருக்குத்தான். அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது.

அப்புறம் போன் நம்பர். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனால் இதில்தான் அதிகம் பேர் தடுக்கி விழுகிறார்கள். பதிவு செய்யும் போனுக்குத்தான் எல்லா ஓ.டி.பி.யும் வரும். அப்பாவின் போனைக் கொடுத்திருப்பார்கள். அப்பா திருப்பூரில் வேலையில் இருப்பார். இல்லையென்றால் ரீசார்ஜ் முடிந்து போன் செத்துக் கிடக்கும். சில பிரௌசிங் சென்டர்களில் அவசரத்துக்குத் தங்கள் நம்பரையும் இமெயிலையும் போட்டுவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். ஆனால் சாய்ஸ் பூட்டுகிற கடைசி நாள் அந்தக் கடை பூட்டியிருந்தால் என்ன செய்வீர்கள்? வீட்டில் இருக்கிற போன், சொந்த இமெயில், பாஸ்வேர்ட் எழுதிய நோட்டு மூன்றும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வெளியே யாரிடமும் பாஸ்வேர்டைக் கொடுக்கக்கூடாது. உதவி வேண்டுமென்றால் மாவட்டந்தோறும் சேர்க்கை உதவி மையங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இருக்கும். கம்ப்யூட்டர் தருவார்கள், சொல்லியும் தருவார்கள், காசு வாங்க மாட்டார்கள்.

பாஸ்வேர்டை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அதைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பிக்கும். "உங்க பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப்ல சீட் இருக்கு, ஐயாயிரம் கட்டி புக் பண்ணிக்கங்க, லேப்டாப் தர்றோம், பஸ் ஃப்ரீ." நேரிலும் வருவார்கள். எங்கள் பள்ளி மாணவன் ஒருவனின் அப்பா லோடு வண்டி ஓட்டுகிறவர். ஒரு கல்லூரியிலிருந்து வந்த ஆள் வீட்டில் காபி குடித்துவிட்டு, டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் "வெரிபிகேஷனுக்கு" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். கவுன்சிலிங்கில் அந்தப் பையனுக்கு அதைவிட நல்ல கல்லூரி கிடைத்தது. சான்றிதழைக் கேட்கப் போனால், வருஷக் கட்டணத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த மனிதர் வண்டியை நிறுத்திவிட்டு, அந்த ஆபீஸ் வாசலில் சாப்பிடாமல் நின்றது எனக்கு இன்னும் ஆறவில்லை. தலைமையாசிரியரும் நாங்களும் கூடப் போய், எழுத்தில் பதில் கொடுங்கள் என்று கேட்ட பிறகுதான் தந்தார்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக்கூடாது, சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இலேயே அறிவித்திருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு, தயங்காமல் வாய் திறந்து கேளுங்கள். கவுன்சிலிங் முடியும்வரை யாருக்கும் அசல் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

கல்லூரியை எப்படிப் பார்ப்பது? பஸ்ஸில் ஒட்டிய போஸ்டரில் பார்க்கக்கூடாது. அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை வெளியிடுகிறது, தேடிப் பாருங்கள். நூறில் முப்பது பேர்கூட பாஸாகாத கல்லூரியில் எவ்வளவு பெரிய நீச்சல் குளம் இருந்து என்ன பயன்? தேசிய அங்கீகார வாரியத்தின் (என்.பி.ஏ.) அங்கீகாரம் பாடப்பிரிவுக்குத்தான் தருவார்கள், கல்லூரி முழுக்க அல்ல. நீங்கள் சேரப்போகிற பிரிவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஒரு நாள் நேரில் போங்கள். ரிசப்ஷனில் உட்கார்ந்து கேட்காதீர்கள். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிற்கும் மூன்றாம் வருஷப் பிள்ளைகளிடம் பேசுங்கள். வாத்தியார்கள் அடிக்கடி மாறுகிறார்களா, லேபில் நிஜமாகவே கையால் செய்ய விடுகிறார்களா, எத்தனை மணிக்கு லைப்ரரி மூடுகிறார்கள், அரியர் வைத்தவர்களுக்கு யாராவது சொல்லித் தருகிறார்களா, பிளேஸ்மெண்ட்டில் போன வருஷம் உங்கள் பிரிவில் எத்தனை பேர் போனார்கள் என்று கேளுங்கள். அவர்கள் மறைக்க மாட்டார்கள்.

எந்தப் பிரிவு என்பதில் இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ், அது இல்லையென்றால் ஏ.ஐ. அண்ட் டேட்டா சயின்ஸ் என்று நிற்கிறார்கள். பிள்ளைக்குப் பிடித்திருந்தால் தாராளமாகப் படிக்கட்டும். ஆனால் பெயரை மட்டும் பார்த்து, சுமாரான கல்லூரியில் சி.எஸ்.இ. வாங்குவதற்காக நல்ல அரசுக் கல்லூரியில் மெக்கானிக்கலையோ சிவிலையோ இ.இ.இ.யையோ விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல கல்லூரியில் கூடப் படிக்கிற பிள்ளைகளே பாதி ஆசிரியர்கள். பாடத்திட்டத்தை அண்ணா பல்கலைக்கழக இணையதளத்தில் இறக்கி ஒரு மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். 2021 பாடத்திட்ட ஒழுங்குமுறையில் முதல் செமஸ்டரில் பைத்தான் எல்லாப் பிரிவுக்கும் இருந்தது. தமிழர் மரபு என்று ஒரு தாளும் எல்லோருக்கும் இருந்தது. அடுத்தடுத்த செமஸ்டர்களில்தான் பாதைகள் பிரிகின்றன. அந்தப் பாடங்களின் பெயரைப் படிக்கும்போது எதில் ஆர்வம் வருகிறது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும். இங்கிலீஷ் பயம் உள்ளவர்களுக்கு இன்னொரு செய்தி: கிண்டி பொறியியல் கல்லூரியில் 2010-இலிருந்து சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியிலும் நடக்கின்றன.

எங்கள் ஊரிலேயே சிக்ரி இருக்கிறது, மத்திய அரசின் மின்வேதியியல் ஆய்வு நிறுவனம். அங்கே கெமிக்கல் அண்ட் எலெக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் பி.டெக். நடக்கிறது என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே சொன்னால்தான் தெரிகிறது. பக்கத்தில் இருப்பது கண்ணில் படுவதில்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது இருக்கும், தேடுங்கள்.

இன்ஜினியரிங் மட்டுமே படிப்பு என்று நான் நினைக்கவில்லை. காமர்ஸ் குரூப் பிள்ளைகளும் பயாலஜி பிள்ளைகளும் என்னிடம் அதே அளவுக்கு வருகிறார்கள். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம்தான். ஒரு விண்ணப்பத்தில் ஐந்து கல்லூரி வரை கேட்கலாம். கட்டணமும் மிகக் குறைவு, இதுவரை 50 ரூபாய்தான் வாங்கிவந்தார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க்கையும், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க்கையும், மற்றவற்றுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400-ஐயும் வைத்து ரேங்க் போடுவார்கள். ஆகவே மொழிப்பாடத்தில் நல்ல மார்க் எடுத்துவிட்டு மற்றதில் விட்டவர்களுக்கும் கதவு திறந்தே இருக்கிறது. இங்கே கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியில் நேரில் நடக்கும். உங்கள் ரேங்க்கைக் கூப்பிடுகிற நாளில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். பி.காம். இடம் காலையிலேயே போய்விடும், மத்தியானம் போய்க் கேட்டுப் பயனில்லை. மதுரை அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, லேடி டோக், பாத்திமா போன்ற உதவி பெறும் கல்லூரிகளுக்கு இந்த விண்ணப்பம் செல்லாது. அவற்றுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும், சிலவற்றில் ரிசல்ட்டுக்கு முன்பே கொடுக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

நீட் சரியாகப் போகவில்லை என்றதும் வீட்டில் விளக்கணைத்து உட்கார்ந்துவிடுகிற பிள்ளைகளுக்கு: கால்நடை மருத்துவம், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. அக்ரி, நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம், பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். எல்லாவற்றுக்கும் நம் மாநிலத்தில் பிளஸ் டூ மார்க்தான். இவற்றின் விண்ணப்பமும் தேதியும் இன்ஜினியரிங்கிலிருந்து வேறு. மே மாதம் தினமும் பேப்பர் பாருங்கள். நீட் ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்தால் மற்றதற்கெல்லாம் தேதி போய்விடும்.

பணத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், 2022 செப்டம்பரிலிருந்து. ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்புதல்வன், 2024 ஆகஸ்டிலிருந்து. உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. சேர்ந்த கல்லூரி மூலமாகத்தான் விண்ணப்பம் போகும். வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குக் குடும்ப வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. அதைக் காட்டியே கட்டணம் இல்லாமல் சேர்க்கக் கேட்கலாம். பாங்க் லோன் நான்கு லட்சம் வரை ஈடு இல்லாமல் தர வேண்டும் என்பதுதான் கல்விக் கடன் திட்டம். மேனேஜர் முகம் கொடுக்காவிட்டால் வித்யாலட்சுமி தளத்தில் பதிந்துவிட்டு, அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பேச்சு வேறு மாதிரி இருக்கும். கந்துவட்டிக்கு வாங்கி மேனேஜ்மெண்ட் சீட் போடாதீர்கள் என்று பெற்றோரிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். அந்த வட்டி பிள்ளையின் படிப்பு முழுக்கக் கூடவே வருகிறது.

கவுன்சிலிங்கில் சேர்கிறவர்களிடம் ஒதுக்கீட்டு ஆணையில் இருக்கும் கட்டணத்துக்கு மேல் டெவலப்மெண்ட், டொனேஷன் என்று கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தர மறுக்கிற பணத்தைக் கொடுக்க வேண்டியதில்லை. சேரப் போகும்போது படித்தவர் யாராவது ஒருவர் கூடப் போங்கள். பக்கத்து வீட்டு அக்கா காலேஜில் படிக்கிறாள் என்றால் அவளே போதும். சான்றிதழ் எல்லாவற்றையும் ஐந்து செட் ஜெராக்ஸ், ஒரு ஸ்கேன் காப்பி, எட்டு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று ஒரு பைலில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டி.சி. மட்டும் அசல் கொடுக்க வேண்டியிருக்கும். மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றையும் காட்டிவிட்டு அன்றைக்கே திரும்ப வாங்கிக்கொண்டு வாருங்கள். நாளைக்கு வா என்றால், எப்போது தருவார்கள் என்று தேதி போட்டுக் கையெழுத்து வாங்காமல் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.